பிரிசம் கண்ணாடியால் மூளையின் கவனம் மாறுமா?

கேள்வி: கானாடுகாத்தான் வாசகர், 2 டிசம்பர் 2024
ஒரு காணொளியில் பார்த்தேன். காட்சியைப் பக்கவாட்டில் தள்ளிக் காட்டும் பிரிசம் கண்ணாடியைச் சிறிது நேரம் போட்டுக்கொண்டு, எதிரே உள்ள புள்ளியைத் தொட்டுத் தொட்டுப் பழகினால் மூளையில் கவனத்துக்கான வலைகளே மாறிவிடுமாம். ஸ்கேனில் தெரிகிறதாம். ஒரு பயிற்சி நிலையம் இதைப் பிளஸ் டூ மாணவர்களுக்குக் ‘கவனப் பயிற்சி’ என்று கட்டணம் வாங்கி நடத்துகிறது. என் மகனைச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். கண்ணாடிக்கடை வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

2 டிசம்பர், இரவு
சேர்க்காதீர்கள்.

3 டிசம்பர், காலை
ஒரே சொல்லில் முடித்துவிட்டேன் என்று பலர் கோபப்பட்டிருக்கிறீர்கள். கடை திறக்கும் முன் எழுதிவிடுகிறேன்.

காணொளியில் சொன்னது முழுப் பொய் என்றால் எனக்கு வேலை மிச்சம். பாதி உண்மையாக இருப்பதுதான் தொல்லை. பிரிசம் பயிற்சிக்குப் பிறகு மூளையின் கவன வலைகளில் மாற்றம் தெரிகிறது என்று ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருப்பது நிஜம். ஆனால் அந்த ஆய்வுகள் பேசுவது, நம் பார்வையும் கையும் நினைப்பும் எந்தப் பக்கம் இயல்பாகத் திரும்புகின்றன என்பதைப் பற்றி. வேதியியல் புத்தகத்தோடு இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காரும் பொறுமைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்தப் பயிற்சி, மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம் தாக்கி, அதன்பின் உலகத்துக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே விட்டுவிட்டவர்களுக்காக வந்தது. ஒருபக்கப் புறக்கணிப்பு என்று எழுதலாம். டாக்டர்கள் நெக்லெக்ட் என்றே சொல்கிறார்கள். பிரான்ஸில் லியோன் நகரத்து இவ் ரொசெட்டியும் அவருடைய குழுவினரும் 1998இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரைதான் தொடக்கம். காட்சியை 10 பாகை வலப்பக்கம் தள்ளும் பிரிசம், ஏறக்குறைய 50 முறை புள்ளியை நோக்கிக் கை நீட்டல், அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றிய பிறகு குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு நோயாளிகள் இடப்பக்கத்தை முன்பைவிட நன்றாகக் கவனித்தார்கள்.

உங்கள் மகன் தட்டில் இடப்பக்கச் சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்கிறானா? இல்லையென்றால் பணம் பையிலேயே இருக்கட்டும்.

3 டிசம்பர், மதியம்
மழை. செக்காலை ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. எனவே கொஞ்சம் விரிவாக.

பிரிசத்தைப் போட்டதும் எதிரே உள்ள பொருள் இருக்கும் இடத்தை விட்டு வலப்பக்கம் தள்ளித் தெரியும். தொடச் சொன்னால் கை வலப்புறம் தவறி விழும். சில முறை தவறியதும் கை தானாகவே திருத்திக்கொண்டு சரியாகப் போய்த் தொடும். இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தொடச் சொன்னால் கை இடப்புறம் தவறும். நோயாளிக்கு வேண்டியது அந்தப் பின்விளைவுதான். போட்டால் பலன் என்று சொல்லிச் சொல்லியே கண்ணாடி விற்றவன் நான். கழற்றினால்தான் பலன் என்று ஒரு கண்ணாடியை இதற்கு முன் கண்டதில்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கை கிளம்புவதிலிருந்து முழுப் பாதையும் கண்ணுக்குத் தெரிந்தால், கண் கையை வழிநெடுகத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மூளை பாடம் படிக்காது. அதனால் மோவாய்க்குக் கீழே ஒரு பலகை வைத்துக் கையை மறைத்து, கடைசியில் விரல் வந்து நிற்பது மட்டும் தெரியும்படி செய்கிறார்கள். கையை வேகமாக நீட்டவும் சொல்கிறார்கள். கையை நோயாளியேதான் அசைக்க வேண்டும். பக்கத்தில் உள்ளவர் பிடித்துக்கொண்டுபோய்த் தொட வைத்தால் பழக்கம் சரியாக ஏறாது என்பதை 1950களின் இறுதியிலேயே அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹெல்ட் காட்டிவிட்டார். பிரிசத்துக்குக் கை பழகும் விஷயத்தை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதியது 1860களில். அது பக்கவாதத்துக்குப் பயன்படும் என்று ஒருவருக்குத் தோன்ற நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

4 டிசம்பர்
கொத்தமங்கலம் நண்பர் கேட்டிருப்பது: “இடப்பக்கம் மறந்துபோனவருக்குக் காட்சியை இடப்பக்கம் அல்லவா தள்ள வேண்டும்? நீங்கள் மாற்றி எழுதிவிட்டீர்கள்.”

மாற்றி எழுதவில்லை, அண்ணாச்சி. வலப்பக்கம்தான். கண்ணாடி இருக்கும்வரை கை வலத்துக்கு இழுக்கப்படுகிறது. அதை எதிர்த்து மூளை தன் கணக்கை இடப்பக்கமாக நகர்த்துகிறது. கண்ணாடி போனபின் மிஞ்சுவது அந்த நகர்வு. காட்சியை இடப்பக்கம் தள்ளினால் நேர் எதிராகிவிடும்.

எங்கள் தொழிலிலும் இது குழப்பம் தருகிற சமாச்சாரம்தான். பிரிசத்தின் தடித்த ஓரம் பேஸ். காட்சி மெல்லிய ஓரத்தின் பக்கம் நகரும். ஆகவே காட்சி வலம் போக, இரண்டு கண்ணிலும் பேஸ் இடப்பக்கம் இருக்க வேண்டும். மூக்கை வைத்துச் சொன்னால் (மூக்குப் பக்கம் என்றால் இன், காதுப் பக்கம் என்றால் அவுட்) வலக்கண்ணுக்குப் பேஸ் இன், இடக்கண்ணுக்குப் பேஸ் அவுட். மாறுகண், இரட்டைப் பார்வைக்கு எழுதிவரும் பக்கவாட்டுப் பிரிசச் சீட்டுகளில் பெரும்பாலும் இரண்டும் இன் அல்லது இரண்டும் அவுட். நான் இதை எழுதி அனுப்பியபோது லென்ஸ் அரைக்கும் இடத்திலிருந்து போன் வந்தது. “அண்ணே, ஒரு கண்ணுக்குத் தவறாக எழுதியிருக்கிறீர்கள், மாற்றிவிட்டோம்” என்றார்கள். மாற்றியே விட்டார்கள்! அரைக்கும் முன் நிறுத்தச் சொல்லி மன்றாட வேண்டியதாயிற்று.

பருமனையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிரிசம் டயாப்டர் என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் நகர்வு. 10 பாகைக்கு ஏறக்குறைய 17.6 டயாப்டர். கை நீட்டித் தொடும் 60 சென்டிமீட்டர் தூரத்தில் பத்தரை சென்டிமீட்டர் தள்ளித் தெரியும். சாதாரணப் பிளாஸ்டிக் லென்ஸில் 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டினாலும் ஒரு ஓரம் மற்றதைவிடப் பத்து மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கும். மூக்கு தாங்காது. லென்ஸ் மேல் மெல்லிய தாளாக ஒட்டுகிற ஃபிரெனல் பிரிசம் லேசானது, ஆனால் காட்சி கொஞ்சம் மங்கும். பழகிப் பார்ப்பதற்கு மட்டும் என்றால் கடையில் பார்வை சோதிக்க வைத்திருக்கும் லென்ஸ் பெட்டி, அதாவது ட்ரையல் பெட்டியே போதும்: ட்ரையல் ஃபிரேமில் 10ஐயும் 8ஐயும் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகினால் கணக்கு சரி.

5 டிசம்பர், இரவு
“உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை?” என்று ஒருவர். பெரியப்பச்சிக்காகத்தான், அதாவது என் பெரியப்பா.

பள்ளத்தூரில் பெரிய வீட்டில் அவரும் பெரியாத்தாவும் மட்டும் இருந்தார்கள். பக்கவாதம் வந்தது மூளையின் வலப்பக்கம். இடக்கை பலவீனம், பேச்சு தெளிவு, ஞாபகம் எங்களைவிட நன்றாக இருந்தது. அதனால் வேறு குறை இருப்பது வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. சாப்பாட்டில் உப்பில்லை, ஊறுகாய் வைக்கவில்லை என்று பெரியாத்தாவிடம் சண்டை. இரண்டும் இலையின் இடப்பக்க மூலையில்தான் இருக்கும். அப்பளமும் அங்கேயே கிடக்கும். “நாக்கு செத்துவிட்டது அவருக்கு” என்று பெரியாத்தா சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறி தட்டியது கணக்கு நோட்டைப் பார்த்துத்தான். படுக்கையில் இருந்தபடியே நோட்டைக் கேட்டு வாங்கினார். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார். மருந்து, ஆட்டோ, பால், வேலைக்காரப் பெண் சம்பளம். பக்கத்தைப் புரட்டினார். மறுபடியும் வலப்பக்கம் மட்டும். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, “என்ன அப்பச்சி, வரவே எழுதக் காணோம்? கடை வாடகை வந்ததா இல்லையா?” என்றார். ஐந்தொகை போட்டு ஒரு பைசா இடிக்காமல் முடித்த மனிதர். நோட்டை அப்படியே எடுத்து அவருக்கு வலப்புறமாக நகர்த்திப் பிடித்தேன். “இதோ இருக்கிறதே” என்று வரவை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். கொஞ்சம் முன்னால் காணோம் என்று சொன்னது பற்றி அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை.

கண்ணில் கோளாறு என்றுதான் கண்ணாடிக்காரனான என்னை அழைத்தார்கள். கண்ணில் கோளாறில்லை.

6 டிசம்பர்
தேவகோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், “வலை வலை என்கிறீர்கள், எந்த வலை?” என்று கேட்டிருக்கிறார். அம்மா, எனக்குப் புரிந்த அளவில்.

கவனத்தைப் பக்கம் திருப்பும் வேலைக்கு மூளையில் இரண்டு வலைகளைச் சொல்கிறார்கள். மௌரிசியோ கொர்பெட்டாவும் கோர்டன் ஷுல்மனும் 2002இல் தெளிவாக வரைந்து காட்டிய படம் அது. ஒன்று மேல்வலை: உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் பரைட்டல் மடலில் உள்ள ஒரு மடிப்பும், நெற்றிப்பக்கம் கண்ணசைவை நடத்தும் பகுதியும் சேர்ந்தது. நாமாகத் தேடும்போது இது வேலை செய்கிறது. இரண்டு பக்க மூளையிலும் உண்டு. மற்றது கீழ்வலை: காதுக்கு மேலே, பொட்டு மடலும் பரைட்டல் மடலும் சந்திக்கும் இடமும் முன்மூளையின் கீழ்ப்பகுதியும். எதிர்பாராதது எதுவும் நடந்தால் தலையைத் திருப்ப வைப்பது இது. இந்தக் கீழ்வலை பெரும்பாலும் வலப்பக்க மூளையைச் சார்ந்திருக்கிறது. வலப்பக்கப் பக்கவாதத்தில் இடப்பக்கம் தொலைவது கடுமையாகவும் அதிகமாகவும் இருக்க அது ஒரு காரணம்.

இடமூளை கவனத்தை வலப்பக்கம் இழுக்கும், வலமூளை இடப்பக்கம் இழுக்கும். தேருக்கு இரண்டு வடம் மாதிரி. ஒரு வடத்தில் ஆள் குறைந்தால் தேர் நிற்காது, மற்றப் பக்கம் சாய்ந்து ஓடும். அடிபட்டது கீழ்வலைதான் என்றாலும், அடிபடாத மேல்வலைகளின் சமநிலையும் கெட்டு இடமூளையின் பக்கம் ஓங்கிவிடுகிறது என்பதைக் கொர்பெட்டா குழுவினர் 2005இல் காட்டினார்கள். நோயாளி தேறத் தேற அந்தச் சமநிலையும் திரும்பியது.

பிரிசம் எங்கே உள்ளே நுழைகிறது? கை தவறுவதைக் கண்டு கணக்கைத் திருத்துவதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு. சிறுமூளை பழுதானவர்களுக்கு இந்தப் பழக்கம் சரியாக ஏறுவதில்லை. அங்கே நடந்த திருத்தம் மேலே பரைட்டல் மடல் வரை எட்டுகிறது என்பது ஆய்வாளர்களின் எண்ணம். சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்து ஆய்வாளர்கள் நலமாக உள்ளவர்களுக்கு வலப்பக்கம் தள்ளும் பிரிசம் பயிற்சி கொடுத்து 2014இல் வெளியிட்ட ஸ்கேன் ஆய்வில், இடமூளையின் கீழ்ப் பரைட்டல் பகுதி, தன் பங்கான வலப்பக்கக் காட்சியோடு நில்லாமல் இடப்பக்கக் காட்சிக்கும் கூடுதலாகத் துலங்கியது. வலமூளை பார்த்த வேலையை இடமூளை கொஞ்சம் கையில் எடுத்துக்கொள்கிறது என்று அவர்கள் பொருள் கொள்கிறார்கள்.

ஜப்பானிலிருந்து 2019இல் வந்த ஆய்வு வேறு வகை. ஒன்றும் செய்யாமல் சும்மா படுத்திருக்கும்போது மூளையின் எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்த்தார்கள். பயிற்சி முடிந்த கையோடு வலப்பக்க மேல்வலைக்குள் இருந்த ஒத்திசைவு தளர்ந்திருந்தது. காணொளிக்காரர் பிடித்துக்கொண்டு ஆடுவது இந்த மாதிரி ஆய்வைத்தான். தளர்ந்தது என்பதை அவர் ‘வலுப்பெற்றது’ என்று படித்துவிட்டார் போலிருக்கிறது.

7 டிசம்பர்
நேற்றுத் தேர் பற்றி எழுதியதை வைத்து எந்த ஊர்த் தேர், யார் வடம் பிடித்தார்கள் என்று தனி விவாதம் கிளம்பியிருக்கிறது. வேண்டாம் சாமி. மூளைக்குத் திரும்புங்கள்.

9 டிசம்பர்
மிலானில் 1978இல் பிசியாக்கும் லுத்ஸாத்தியும் செய்த சோதனையை யாரும் குறிப்பிடாதது ஆச்சரியம். இடப்பக்கப் புறக்கணிப்பு உள்ளவர்களிடம், ஊர்ப் பெரிய தேவாலயத்தின் எதிரே உள்ள சதுக்கத்தை மனத்துக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். தேவாலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டு சுற்றியுள்ள கட்டடங்களைச் சொல்லச் சொன்னால், வலப்பக்கக் கட்டடங்களைச் சொன்னார்கள். பிறகு, தேவாலயத்து வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பதாக நினைக்கச் சொன்னார்கள். முதலில் விட்டுப்போனவையெல்லாம் வந்துவிட்டன. முதலில் சொன்னவை காணாமல் போயின.

பெரியப்பச்சியிடம் இதை எங்கள் தெருவை வைத்துக் கேட்டேன். “ஊருணியிலிருந்து கோயிலைப் பார்த்து நடந்துவருகிறீர்கள், பெரியப்பச்சி. யார் யார் வீடு இருக்கிறது?” ஒரு வரிசை வீடுகளை விலாசத்தோடு சொன்னார். எந்த வீட்டில் பர்மாத் தேக்குத் தூண், எந்த வீட்டில் பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பினார்கள், எல்லாம். எதிர்வரிசை இல்லவே இல்லை. அதில் அவருடைய சம்பந்தி வீடும் உண்டு. “கோயில் வாசலில் நின்று ஊருணியைப் பாருங்கள்” என்றேன். சம்பந்தி வீடு வந்துவிட்டது, கூடவே சம்பந்தி தர வேண்டிய ஒரு பழைய பாக்கியும் வந்துவிட்டது. எங்கள் சொந்த வீடு போய்விட்டது.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர் இவர். லென்ஸ் மாற்றித் தீருகிற விஷயமா இது? லியோன் குழுவினர் 2001இல் இதையும் பிரிசத்தோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். பிரான்ஸ் வரைபடத்தை நினைவில் பார்த்து ஊர்ப்பெயர் சொல்லும்போது விடுபட்ட மேற்குப்பக்க ஊர்கள், பயிற்சிக்குப் பின் கூடுதலாக வந்தன. கையும் விரலும் பழகியது நினைவுக்குள் இருக்கும் வரைபடத்தைத் தொட்டிருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் பிடித்ததே இதுதான்.

10 டிசம்பர்
கானாடுகாத்தான்காரர் விடவில்லை. “நோயாளிக்கே நல்லது செய்தால், நலமாக இருப்பவனுக்கு இன்னும் நல்லதுதானே” என்கிறார். காய்ச்சல் மாத்திரையைக் காய்ச்சல் இல்லாதவனுக்குக் கொடுத்தால் குளிர்ந்தா போவான்?

நலமாக இருப்பவர்களிடமும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரு கோட்டின் நடுவைக் குறிக்கச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் நூலிழை அளவு இடப்பக்கம் தள்ளித்தான் குறிப்போம். வலப்பக்கம் தள்ளும் பிரிசத்தால் அதில் பெரிய மாற்றம் வருவதில்லை. இடப்பக்கம் தள்ளும் பிரிசம் போட்டுப் பழகியவர்கள், நோயாளிகளைப் போல, ஆனால் மிகச் சிறிய அளவில், வலப்பக்கம் சாய்ந்து குறித்தார்கள். அந்தச் சாய்வும் வலுவான பிரிசத்தில்தான் பிடிபடுகிறது, சீக்கிரம் மறைந்தும் போகிறது. ஆக, பயிற்சி நிலையம் எந்தப் பக்கம் தள்ளும் கண்ணாடி வைத்திருக்கிறது என்று கேளுங்கள். ஒன்று, பலனில்லை. மற்றது, பையனுக்கு லேசாகப் புறக்கணிப்பு வரவழைக்கக் கட்டணம் வாங்குகிறார்கள்.

10 டிசம்பர், சற்றுப் பின்
கேள்வி கேட்டவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். மேலே உள்ள குறிப்பின் காரத்தைப் பாதியாகக் குறைத்துப் படிக்கவும். பயிற்சி நிலையத்துக்கு மட்டும் முழுக் காரம்.

12 டிசம்பர்
கடைப் பையனிடமும் சோதித்துப் பார்த்தேன். ட்ரையல் ஃபிரேமைப் போட்டுவிட்டு, மேஜையில் ஃபிரேமுக்குப் போடும் பொடித் திருகாணியை எடுக்கச் சொன்னேன். விரல் போய் இங்க் பேடில் விழுந்தது. பிறகு எடுக்க ஆரம்பித்துவிட்டான். “பழகிவிட்டது அண்ணே, இதையே போட்டுக்கொள்ளட்டுமா?” என்றான். கழற்றினேன். தம்ளரை எடுக்கப் போன கை அதற்கு இடப்புறம் காற்றைப் பிடித்தது. சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பெரியப்பச்சிக்கு மாட்டியபோது வேடிக்கை வேறு. காட்சி தள்ளித் தெரிகிறது என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. “கண்ணாடி கனக்கிறது” என்றார், அவ்வளவுதான். புறக்கணிப்பு உள்ள பலர் இந்த நகர்வை உணர்வதே இல்லை என்றும், ஆனாலும் பின்விளைவு நம்மைவிட அதிகமாகத் தங்குகிறது என்றும் ஆய்வுகளில் வந்திருக்கிறது. தெரியாமலே பழகுவது இங்கே ஒரு வசதி. இடப்பக்கம் பார், இடப்பக்கம் பார் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதில் உள்ள சங்கடம் இதில் இல்லை. தனக்கு இடப்பக்கம் விடுபடுகிறது என்றே நம்பாதவரிடம் அப்படிச் சொல்லி என்ன பயன்?

13 டிசம்பர்
தலைகீழ்க் கண்ணாடி பற்றிக் கேட்டவருக்கு: ஜார்ஜ் ஸ்ட்ராட்டன், கலிஃபோர்னியா, 1890கள். உலகத்தைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸைத் தன் கண்ணிலேயே கட்டிக்கொண்டு நாள்கணக்கில் இருந்தார். பிறகு ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக் நகரத்தில் இவோ கோலர் போன்றவர்கள் இன்னும் நீண்ட காலம் செய்தார்கள். கண்ணாடியோடு சைக்கிள்கூட ஓட்டினார்கள். அதெல்லாம் கண்ணும் உடலும் பழகும் கதை. கவன வலைகளைப் பற்றி அதிலிருந்து தாவி முடிவுக்கு வரக்கூடாது.

15 டிசம்பர்
தேவகோட்டை ஆசிரியை சரியான இடத்தில் கிள்ளியிருக்கிறார்: “ஸ்கேனில் வலை மாறியது சரி. மனிதர் தேறினாரா?”

ஆய்வுகளைச் சொல்கிறேன். இத்தாலியில் ஃப்ராசினெத்தி குழுவினர் 2002இல், தினம் இரண்டு வேளையாக இரண்டு வாரம் செய்து, பலன் ஐந்து வாரம் நின்றதாகக் காட்டினார்கள். நோயாளிகள் மிகச் சிலர். எல்லோரும் உற்சாகமானார்கள். பிறகு பெரிதாக, குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்துச் செய்த ஆய்வுகள் வந்தன. நெதர்லாந்தில் 2017இல் வெளியான ஒன்றில் ஒரு பிரிவுக்குப் பிரிசம், மற்றதற்கு வெறும் கண்ணாடி. இரண்டு பிரிவும் தேறின. பிரிசம் போட்டவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. 2021இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு புறக்கணிப்புக்கான சிகிச்சைகளை மொத்தமாக அலசியபோது, பிரிசம் உட்பட எதற்கும் உறுதியாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை, இருப்பதும் மிகத் தரம் குறைந்தது என்று எழுதியது.

வெறும் கண்ணாடி போட்டவர்களும் தேறினார்கள் என்பதைக் கவனியுங்கள். பக்கவாதத்துக்குப் பிந்தைய முதல் சில மாதங்களில் பலருக்குப் புறக்கணிப்பு தானாகவே குறையும். அந்தச் சமயத்தில் நீங்கள் பிரிசம் மாட்டினாலும் சரி, வைரவன்பட்டியில் வைரவருக்கு வடைமாலை சாத்தினாலும் சரி, பெயர் அதற்குத்தான் போகும்.

16 டிசம்பர்
நேற்று இரவு எழுதியதைப் படித்துவிட்டு மதுரையிலிருந்து பள்ளத்தூர் வந்துபோகும் பிசியோதெரபித் தம்பி போன் செய்தார். “அண்ணே, வேலையைக் கெடுக்கிறீர்களே” என்று சிரித்தார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. எல்லா நோயாளிகளையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுத்தால், சிலருக்கு வரும் பலன் கரைந்துபோகும். யாருக்கு மூளையின் எந்த இடம் பழுது, பழகுவதற்கான சிறுமூளைப் பாதை மிஞ்சியிருக்கிறதா, இடமூளையின் அந்தப் பரைட்டல் பகுதி நலமாக இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தால்தான் விடை வரும். வலை ஆய்வுகளுக்கு உண்மையான பயன் அங்கேதான் இருக்கும் என்று எனக்கும் தோன்றுகிறது. மூளை மாறியது பார், கண்ணாடி வாங்கு என்று கூவுவதற்கு அல்ல.

பெரியப்பச்சி விஷயம் கேட்டவர்களுக்கு. தம்பி பலகை வைத்து நடத்தினார், நான் கண்ணாடி மாட்டினேன். முதல் நாள் மாலையே ஊறுகாயைக் கண்டுபிடித்தார். பெரியாத்தா கொடிமரத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். மறுநாள் காலையில் மறுபடியும் உப்பில்லை. விட்டுவிட்டு நடத்தினோம். வாரங்கள் போகப் போக நிலைமை நன்றாகத்தான் ஆனது. பட்டாலையில் நடக்கும்போது இடத்தோள் தூணில் இடிப்பது குறைந்தது. கணக்கு நோட்டில் வரவும் வந்துவிட்டது. இதில் பிரிசத்தின் பங்கு எவ்வளவு, நாள்போக்கில் ஆறியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரே ஒரு பெரியப்பச்சியை வைத்துக்கொண்டு முடியாது. பெரியாத்தாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. வேண்டுதல் என்கிறார்.

17 டிசம்பர்
நம் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. முகப்பில் நின்றால் வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் தெரியும்படி ஒரே கோட்டில் கட்டியிருக்கிறார்கள். புறக்கணிப்பு உள்ளவருக்கு அந்தக் கோடு நல்ல துணை. அதன் இருபுறமும் உள்ள தூண்களும், ஒவ்வொரு கட்டிலும் தாண்ட வேண்டிய நிலைப்படியும்தான் எமன். நாங்கள் இடப்பக்கத் தூண்களில் சிவப்புத் துணி கட்டினோம். ஆத்தங்குடிக் கல் தரையில் ஓரப்பூ வரிசை இருக்கிறதல்லவா, அதன்மேல் இடக்கால் போகும்படி நடக்கச் சொன்னார் தம்பி. நடந்தார். ஆனால் பூ வரிசை வலப்பக்கச் சுவரோரமும் உண்டு என்பதால், விட்டால் அந்த வரிசைக்குப் போய்விடுவார்.

18 டிசம்பர்
இந்தக் கேள்வி-பதில் இழை நீண்டுவிட்டது என்று ஒருவர் சலித்துக்கொள்கிறார். பிள்ளையார் நோன்பு நெருங்குகிறது, அதற்கு நூல் 21 இழையாயிற்றே, அதுவரைக்கும் பொறுங்கள்.

20 டிசம்பர்
புதிதாக வந்த கேள்வி, இதற்கு மட்டும் நிதானமாகப் பதில். தாயாருக்குப் பக்கவாதம், இடப்பக்கம் இடித்துக்கொள்கிறார், பிரிசம் மாட்டலாமா என்று ஒரு மகள் கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, முதலில் இரண்டைப் பிரிக்க வேண்டும். இரண்டு கண்ணிலும் இடப்பாதிக் காட்சி மறைந்துபோவது ஒன்று. அவர்களுக்கு அது தெரியும் என்றால், தலையைத் திருப்பிப் பார்த்துச் சமாளிக்கக் கற்றுக்கொள்வார்கள். புறக்கணிப்பு மற்றொன்று, அதில் திருப்பிப் பார்க்கத் தோன்றாது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். கோட்டின் நடுவைக் குறிப்பது, தாளில் இறைந்து கிடக்கும் நட்சத்திரங்களை அடிப்பது போன்ற எளிய சோதனைகளை நரம்பியல் டாக்டரோ தெரபிஸ்டோ செய்து பார்ப்பார்கள். நட்சத்திரத் தாளில் வலப்பாதி மட்டும் அடித்துவிட்டு “முடிந்தது” என்று பேனாவை வைத்தால் புரிந்துகொள்ளலாம்.

பிரிசம் பயிற்சி செய்யலாம் என்று அவர்கள் சொன்னால் செய்யுங்கள். செலவும் குறைவு, கெடுதலும் பெரிதாக இல்லை. யாராவது பெருந்தொகை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இது நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. கண்ணாடியைப் போட்டபடி நடக்கவே விடாதீர்கள், அதுவும் நிலைப்படி உள்ள வீட்டில். கழற்றிய உடனே காபித் தம்ளரைக் கையில் நீட்டாதீர்கள். கை இடப்பக்கம் போகும், காபி மடியில் விழும். பெரியாத்தா புடவை ஒன்று அப்படிப் போயிற்று.